நம் ஊரின் வசந்தம் எது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

முன்னுரை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் உழவர் வாயில் வழங்கும் பழமொழி. எந்த விதை, எவ்வளவு உரம், எத்தனை குடம் நீர் என்றெல்லாம் அது சொல்லவில்லை. எப்போது விதைப்பது என்பதை மட்டும் சொல்கிறது. அதுவும் "தேடி" விதைக்கச் சொல்கிறது. காலம் தானாக வந்து கதவைத் தட்டாது. நாம்தான் அதைத் தேடிக் கண்டுகொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். இச்சிறு உண்மையை அறிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டும், நண்பர்கள் ஐவரின் கைப்பணம் 600 ரூபாயும் செலவாயின. அந்தச் செலவு உங்களுக்கும் நேர வேண்டா என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். வீட்டு மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்போருக்கும், புதிதாக வைக்க விரும்புவோருக்கும் இது பயன்படுமானால் மகிழ்வேன்.

புத்தகம் சொன்ன மார்ச்சு

முதலாண்டு படிக்கும்போது, மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து தோட்டக்கலை பற்றிய ஆங்கில நூல் ஒன்றை வாங்கினேன். வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள். "வசந்த காலப் பணிகள்" என்று ஒரு தனி அத்தியாயம். மார்ச்சு மாதம் தக்காளி விதைக்க வேண்டும், பெட்டூனியா விதைக்க வேண்டும், ரோஜாவைக் கவாத்து செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்நூல் இங்கிலாந்து நாட்டவருக்காக எழுதப்பட்டது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. ஆயினும் செடிக்கு நாடு ஏது என்று எண்ணிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தின் பின்புறம் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள நிலத்தில் பயிரிட எங்கள் ஐவருக்கும் ஆசிரியர்கள் அனுமதி தந்தார்கள். 2024 மார்ச்சு இரண்டாம் வாரத்தில் புத்தகத்தில் கண்டபடியே விதைத்தோம். முறை வைத்து நீர் ஊற்றினோம். பெட்டூனியா நாற்றுகள் ஏப்ரல் நடுவில் ஒரே வாரத்தில் கருகின. தக்காளி மட்டும் இடுப்பளவு வளர்ந்து, மே மாதத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. தேர்வு எழுத வந்த ஒவ்வொரு நாளும் ஆவலோடு போய்ப் பார்ப்போம். பூக்கள் காம்போடு உதிர்ந்து பாத்தியில் கிடக்கும். கடைசிவரை ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் தந்தையார் ஒரு தோட்டக்காரர். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் காலத்து வீடுகள் சிலவற்றில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தோட்டவேலை செய்கிறார். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நான் மார்ச்சு மாதம் விதைப் பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே அவர் சொன்னார்: "தம்பி, மாசி போயிடுச்சு. இப்ப தக்காளி போட்டா பூ நிக்காதுடா." நான் படிப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "புத்தகத்துல அப்படித்தான்பா போட்டிருக்கு" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் நான் "தனியார் பணி" என்று எழுதியிருந்தேன். அதுவும் அவருக்குத் தெரியும். பூர்த்தி செய்த படிவத்தில் கையொப்பம் இட்டவர் அவர்தாம்.

குளிர்நாட்டு வசந்தமும் நம் இளவேனிலும்

பூ ஏன் நிற்கவில்லை? அந்தக் கோடை விடுமுறையில் நூலகத்தில் அமர்ந்து இக்கேள்விக்கு விடை தேடினேன். விடை செடியில் இல்லை. "வசந்தம்" என்ற சொல்லில் இருந்தது.

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பயிரைத் தடுப்பது உறைபனி. குளிர்காலத்தில் நிலம் இறுகிக் கிடக்கும். இலண்டன் நகரில் திசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மார்ச்சு முதல் பகல் நீள்கிறது, மண் சூடேறுகிறது. சூன் மாதத்தில் பகல் பதினாறரை மணி நேரத்தை எட்டுகிறது. எனவே அவர்களுக்கு மார்ச்சு, ஏப்ரல் மாதங்கள் கதவு திறக்கும் காலம்.

புதுச்சேரியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. உறைபனி என்பதே கிடையாது. இங்குப் பயிரைத் தடுப்பவை இரண்டு: ஒன்று கோடை வெப்பம், மற்றொன்று ஐப்பசி, கார்த்திகைப் பெருமழை. ஆகவே மார்ச்சு மாதம் நமக்குக் கதவு திறக்கும் காலமன்று. கதவு சாத்தும் காலம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆங்கிலத்தின் 'ஸ்பிரிங்' என்ற சொல்லை நாம் வசந்தம் என்றும் இளவேனில் என்றும் மொழிபெயர்த்து விடுகிறோம். ஆனால் வேனில் என்றால் வெப்பம். இளவேனில் என்றால் இளமையான வெப்பம், அதாவது வெயிலின் தொடக்கம். அச்சொல்லுக்குள்ளேயே எச்சரிக்கை இருக்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

இந்நகரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், புரட்சிக்குப்பின் 1793இல் ஒரு புதிய நாட்காட்டி வந்தது. அதில் மாதங்களுக்கு இயற்கையை ஒட்டிப் பெயரிட்டார்கள். மார்ச்சு 21ஐ ஒட்டித் தொடங்கும் மாதத்துக்கு 'ஜெர்மினால்', அதாவது முளைக்கும் மாதம் என்று பெயர். அடுத்தது மலர் மாதம். 1805ஆம் ஆண்டு முடிவோடு அந்த நாட்காட்டி வழக்கொழிந்தது. பிரான்சு நாட்டு மண்ணுக்கு அப்பெயர் பொருத்தமே. புதுச்சேரி மண்ணுக்கு "முளைக்கும் மாதம்" என்று ஒன்றுக்குப் பெயரிடுவதானால், தை மாதத்துக்குத்தான் இட வேண்டும்.

தக்காளியின் கதைக்கு வருவோம். பகல் வெப்பம் 32 முதல் 35 பாகை செல்சியசைத் தாண்டி நீடித்தாலும், இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டாலும் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கிறது. கருவுறாத பூ உதிர்கிறது. சனவரி, பிப்ரவரி இரவுகளில் நம் ஊரில் வெப்பம் 22 பாகையை ஒட்டி இருக்கும். மே மாத இரவிலோ 27 பாகைக்குக் குறையாத நாள்களே மிகுதி. மார்ச்சில் விதைத்த தக்காளி மேயில் பூக்கும். பிறகு எப்படிப் பூ நிற்கும்? இதை அறிய எனக்கு மூன்று நூல்கள் தேவைப்பட்டன. அப்பா ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தார். காரணம் அவருக்குத் தெரியாது, முடிவு தெரியும்.

நகரின் மழையும் மண்ணும் நீரும்

காலத்தை அறிந்தபின் இடத்தை அறிய வேண்டும். புதுச்சேரிக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அது எப்போதும் அளவாகப் பெய்வதும் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க முடியாது. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது ஒரே நாளில் வந்தது. அதற்கு முன் 2011 திசம்பர் 30இல் வந்த தானே புயல் நகரின் மரங்களை வேரோடு சாய்த்தது. எனவே கார்த்திகை முடியும்வரை நாற்றங்காலைத் திறந்த வெளியில் விடக் கூடாது.

மண்ணும் தெருவுக்குத் தெரு மாறும். கடற்கரையை ஒட்டிய பகுதி மணற்பாங்கு. ஊற்றிய நீர் நில்லாது. கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேடு. நீர் வடியும், சத்துக் குறைவு. பாகூர்ப் பக்கம் வண்டல். வளம் மிகுதி, மழையில் நீர் தேங்கும். மணலுக்குத் தொழுவுரமும் மக்கிய தென்னைநார்க் கழிவும் சேர்க்க வேண்டும். களிமண்ணுக்கு மணல் சேர்க்க வேண்டும். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்பது அப்பாவின் கணக்கு.

நீரில்தான் பலரும் ஏமாறுகிறோம். கடலருகே ஆழ்குழாய் நீரில் உப்பு ஏறிவிடுகிறது. நகருக்கு நல்ல நீர் வெளியிலிருந்து வரவேண்டிய நிலை புதிதன்று. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம், முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்த பணியின் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததே. உப்புநீர் ஊற்றினால் இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகும். பலர் அதைக் கண்டு நீர் போதவில்லை என்று எண்ணி, அதே நீரை இன்னும் ஊற்றுவார்கள். அப்படிச் செய்யாமல், பிடித்து வைத்த மழைநீரையோ நல்ல குழாய் நீரையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றினால், தங்கிய உப்புக் கரைந்து வெளியேறும். அவரை, பீன்சு போன்றவை உப்பைத் தாங்கா. அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி ஆகியவை ஓரளவு தாங்கும்.

அப்பாவின் ஆண்டுக் கணக்கு

விடுமுறையில் இரண்டு மாதம் அப்பாவுடன் வேலைக்குப் போனேன். எண்பது பக்க நோட்டு ஒன்றில் அவர் சொன்னதையெல்லாம் மாதவாரியாக எழுதிக்கொண்டேன். பிறகு அவற்றைப் பாடநூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதன் சுருக்கம் இது.

காய்கறிகள்: மார்கழி பிறந்து மழை வெறித்ததும் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட வேண்டும். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 முதல் 45 நாளிலும் நடவுக்கு ஆகும். தக்காளியையும் மிளகாயையும் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டு நடலாம். மாலையில் நட்டு உடனே நீர் ஊற்றுவது நன்று. வெண்டையும் கொத்தவரையும் நேரடியாக விதைப்பவை. வெண்டைக்கு 45 செ.மீ.க்கு 30 செ.மீ. இடைவெளி போதும், 45 நாளில் முதல் பறிப்பு வரும். பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றைத் தை மாதம் ஊன்றிப் பந்தல் போட வேண்டும். பாகல் விதையின் தோல் கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் ஒருசேர முளைக்கும். முளைக்கீரையை எந்த மாதமும் விதைக்கலாம். 25 நாளில் பறிக்கலாம். புதிதாகத் தொடங்குவோர் கீரையில் தொடங்குவதே நல்லது. தவறினாலும் இழப்புச் சிறிது. வென்றால் அன்றே குழம்புக்கு ஆகும்.

பூச்செடிகள்: பெட்டூனியா, பிளாக்சு, சால்வியா போன்ற குளிர்காலப் பூக்களை ஐப்பசி, கார்த்திகையில் கூரையின்கீழ் நாற்றுவிட்டு, மழை ஓய்ந்ததும் வெளியில் நட வேண்டும். தை, மாசியில் அவை பூத்துக் குலுங்கும். வேளாண்துறையின் மலர், காய், கனிக் கண்காட்சி ஆண்டின் தொடக்க மாதங்களில் நடப்பதும் இக்காரணம் பற்றியே என்று நினைக்கிறேன். அங்கே பார்த்துவிட்டு ஆசைப்பட்டு மார்ச்சில் விதைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். துலுக்கச் சாமந்தி எல்லாக் காலத்திலும் வரும். நட்ட 30ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ மிகும். சாமந்தி அப்படியன்று. இரவு நீளும்போதுதான் அது மொட்டு விடும். ஆனி, ஆடியில் நட்டால் ஐப்பசி முதல் தைவரை பூக்கும். வெயிலுக்கு அஞ்சாத பூக்களும் உண்டு: கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜீனியா, பத்துமணிப்பூ. மாசி, பங்குனியில் கை அரித்தால் இவற்றை விதைத்துக்கொள்ளுங்கள்.

புதர்ச்செடிகளும் கொடிகளும்: குண்டுமல்லிக்குத்தான் பங்குனி உண்மையான வசந்தம். அது புதுத் தளிரில் மொட்டு வைக்கும் செடி. எனவே கார்த்திகைக் கடைசியில், மழை விட்ட நாளாகப் பார்த்துத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு வெட்டிவிட வேண்டும். முல்லையைத் தை இறுதியில் வெட்டலாம். வெட்டியதும் தொழுவுரம் இட்டு மண் அணைத்தால் பங்குனி முதல் பூ எடுக்கலாம். கவாத்து செய்யப் பலருக்கு மனம் வருவதில்லை. "பாவம் பாத்தா பூ பாக்க முடியாது" என்பார் அப்பா.

நம் பழைய வீதிகளின் மதில்களில் வழியும் காகிதப்பூக்கொடி நீரைக் குறைத்தால்தான் பூக்கும். நீரும் உரமும் மிகுந்தால் இலை மட்டுமே தழைக்கும். அதில் நாம் பூ என்று காண்பது பூவன்று. நிறம் மாறிய பூவடிச் செதில். உள்ளே இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. பிரெஞ்சுக் கடலோடி புகேன்வீலின் உலகப் பயணத்தின்போது, 1767இல் பிரேசில் நாட்டில் கொமர்சோன் என்ற தாவரவியலார் இதைச் சேகரித்தார். அவருடன் உதவியாளராகச் சென்ற ழான் பாரே ஆண்வேடம் பூண்டு கப்பலேறிய பெண்மணி. உலகைச் சுற்றிவந்த முதற்பெண் என்று அவரைப் போற்றுவர். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகியவற்றை மழை தொடங்கும் முன் ஆடி, ஆவணியில் நட்டால் கோடைக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். கோடையில் நடும் செடிக்கு நீர் ஊற்றுவது பிள்ளைக்கு மருந்து கொடுப்பது போல. ஒரு வேளை தவறினாலும் போயிற்று.

பங்குனி, சித்திரையில் செய்யத்தக்கவை: இது நடும் காலமன்று, காக்கும் காலம். செடியின் அடியில் காய்ந்த இலை, வைக்கோல் ஆகியவற்றை இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். மாடித் தொட்டிகளைத் தளத்தில் நேரே வைக்காமல் செங்கல்லின்மேல் வையுங்கள். கொதிக்கும் தளம் வேரைச் சுடாது. சிறு நாற்றுகளுக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். விடியற்காலையில் நீர் ஊற்றுவது சிறந்தது. இலையை நனைப்பதைவிட வேரை நனைப்பதே வேண்டுவது. மாவுப்பூச்சி கண்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். நல்ல விதை, நாற்றுக்கும் ஐயம் தெளிவதற்கும் நம் ஊரிலேயே பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மஞ்சளான வெண்டை

அப்பாவின் சொல் எல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2025 தை முதல் வாரத்தில் அதே நிலத்தில் நாங்கள் ஐவரும் மீண்டும் வெண்டை விதைத்தோம். மாசியில் மூன்று செடிகளின் இலை நரம்புகள் மஞ்சளாயின. அப்பாவிடம் சொன்னேன். "வெயில் காய்ச்சல்டா அது. தண்ணி சேத்து ஊத்து, சரியாப் போயிடும்" என்றார். அவர் பராமரிக்கும் தோட்டங்களிலும் ஆண்டுதோறும் வெண்டை இப்படி மஞ்சளாகி முழுப் பாத்தியும் வீணாவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் அது வெயிலால் வருவதன்று. மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் நச்சுயிரி நோய். வெள்ளை ஈ நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சிப் பக்கத்துச் செடிக்குக் கடத்துகிறது. வெப்பமும் வறட்சியும் வெள்ளை ஈ பெருக உதவுவதால் வெயிலே காரணம் போலத் தோன்றும். நோயுற்ற செடிக்கு மருந்து கிடையாது; பிடுங்கி அகற்றுவதே வழி. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு இதைச் சொல்லித் தந்திருந்தார்கள். மூன்று செடிகளையும் அன்றே பிடுங்கினோம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிப் பாத்தியில் ஊன்றினோம். வெள்ளை ஈக்கள் மஞ்சள் நிறத்தை நாடி வந்து ஒட்டிக்கொண்டன. அதன்பின் இரண்டு செடிகள் மட்டுமே நோய்ப்பட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கல்லூரிக்கு அழைத்துவந்து காட்டினேன். இரண்டாண்டில் அவர் எங்கள் கல்லூரிக்குள் வந்தது அதுதான் முதல் முறை. அட்டையில் ஒட்டியிருந்த பூச்சிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். "இத்தன வருஷமா வெயிலுன்னே நெனச்சிட்டிருந்தேன்" என்றார். மறுநாளே தாம் வேலை செய்யும் வீடுகளுக்கு நான்கு அட்டைகள் வெட்டி எடுத்துச் சென்றார். எனக்கு மூன்று நூல்களில் கிடைத்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னார் என்றேன். அவர் இருபத்தைந்து ஆண்டு காணாததை எனக்கு ஒரு கண்ணாடி காட்டிற்று. இரண்டும் உண்மைதான்.

பழைய பூங்கா கற்பிக்கும் பாடம்

நம் நகரின் தாவரவியல் பூங்காவைப் பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் அமைத்தார்கள். அங்குப் பணியாற்றியவர்களுள் பெரொத்தே என்னும் தாவரவியலார் குறிப்பிடத்தக்கவர். 1793இல் பிறந்து, 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்தவர். வெளியூர், வெளிநாட்டுச் செடிகளைக் கொணர்ந்து நட்டு, இம்மண்ணும் இவ்வெயிலும் அவற்றுக்கு ஒத்துவருகின்றனவா என்று பழக்கிப் பார்ப்பதே அத்தகைய தோட்டங்களின் நோக்கம். நூலில் உள்ளபடியே எங்கும் விளையும் என்றிருந்தால் அப்படி ஒரு தோட்டத்துக்குத் தேவையே இருந்திராது.

நாம் நம்முடையவை என்று எண்ணும் பலவும் வந்தேறிகளே. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தவை. புதுச்சேரி மாநில மலராக அறிவிக்கப்பட்ட நாகலிங்கப்பூவின் மரமும் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டதே. அவை இங்கு வாழ்வதற்குக் காரணம், யாரோ ஒருவர் அவற்றுக்கு உரிய இடத்தையும் மாதத்தையும் தேடிக் கண்டதுதான். அந்த "யாரோ" பட்டியலில் பெரொத்தே போன்றோர் பெயர் இருக்கிறது. அவர்களோடு மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் இல்லை. பூங்காவைச் சுற்றிவரும்போதெல்லாம் அந்தப் பெயரில்லாதவர்களையும் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

முடிவுரை

இதை எழுதும் பங்குனி முதல் வாரத்தில் ஆய்வுக்கூடத்தின் பின்புறம் தக்காளி பழுத்து நிற்கிறது. மார்கழி முதல் வாரத்தில் நாற்றுவிட்டு, தைத் திருநாளை அடுத்து நட்டது. கார்த்திகைப் புயல்மழையில் எங்கள் விதைகள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தன. சென்ற வாரம் ஒரே பறிப்பில் ஒன்றேகால் கிலோ வெண்டையும் எடுத்தோம். ஐவரும் பங்கிட்டுக்கொண்டது போக, ஆசிரியர் அறைக்கும் கொஞ்சம் கொடுத்தோம்.

நண்பர்களே! தோட்டம் வைக்க விரும்பினால் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். விதைத்த நாள், முளைத்த நாள், மழை பெய்த நாள், பூத்த நாள், காய்த்த நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மூன்று ஆண்டுகள் குறித்தால் உங்கள் மாடிக்கும் உங்கள் தெருவுக்கும் உரிய பஞ்சாங்கம் உங்கள் கையில் இருக்கும். மழை இப்போதெல்லாம் பழைய கணக்கில் வருவதில்லை என்று அப்பாவே சொல்கிறார். ஆகையால் அவருடைய கணக்கையும் ஆண்டுதோறும் சரிபார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. அடுத்து, உங்கள் வீட்டிலோ தெருவிலோ மண்ணில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் மாதத்தைக் கேளுங்கள். காரணத்தை நூலகத்தில் தேடுங்கள். தேடிய காரணத்தை மறக்காமல் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

எங்கள் நோட்டின் மாதவாரிக் குறிப்புகளைப் படியெடுத்துத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். வேண்டுவோர் எழுதிக்கொள்ளலாம். அதன் அடியில் "தொகுத்தவர்கள்" என்று ஐவர் பெயரையும், "சொன்னவர்" என்று என் தந்தையார் பெயரையும் எழுதினோம்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்திலும் அதே பழைய கேள்வி வந்தது. தந்தையின் தொழில்: தோட்டக்காரர் என்று எழுதிக் கையொப்பத்துக்குக் கொடுத்தேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார். "மல்லிக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்று மட்டும் கேட்டார்.